பதினேழாம் இலக்கத்துக்கு ஒரு தீனிப்பெட்டி

முதல் நாள்

இருபத்திரண்டு வருடங்கள் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தேன். அது மூடப்பட்டபோது எனக்கு ஐம்பத்தொரு வயது. அஜக்ஸுக்கு வடக்கே ரஞ்சி அக்கா என்பவர் நடத்தும் அல்பாக்காப் பண்ணைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அல்பாக்கா, கழுத்து நீண்ட, உரோமத்துக்காக வளர்க்கப்படும் பிராணி. நான் அதற்கு முன் ஒரு கோழிகூட வளர்த்ததில்லை.

அது ஒரு திங்கட்கிழமை, குளிர் மறை நான்கு பாகை. ரஞ்சி அக்கா கொட்டிலைத் திறந்து இருபத்துமூன்று உருப்படிகளையும் காட்டினார். ஒவ்வொன்றின் காதிலும் இலக்கத் தகடு இருந்தது. எனக்குத் தரப்பட்ட முதல் வேலை ஃபீடர், அதாவது தீனி போடும் பெட்டி, தெரிவு செய்வது. முன்பிருந்தவர்கள் குதிரைகளுக்காகச் சுவரில் உயர அடித்த இரும்புத் தட்டிகள் மட்டும்தான் அங்கே இருந்தன. அல்பாக்காக்கள் அண்ணாந்து உலர்ந்த புல்லை இழுக்கும்போது தூசும் சருகும் கண்ணிலும் கழுத்திலும் கொட்டின. சருகு ஏறிய உரோமம் நூலுக்கு உதவாது.

"தம்பி, நீர் ஃபக்டரியிலை எல்லாத்தையும் அளந்து பாத்த ஆள் எண்டு சொன்னீர். உதையும் அளந்து பாத்து ஒரு முடிவு சொல்லும்," என்றார்.

அன்று மாலையே ஒரு கொப்பி வாங்கி நிரல்கள் கீறினேன்.

கழித்துவிட்டவை

தொங்கவிடும் வலைப்பையில் இரண்டாம் நாளே ஒன்றின் கால் மாட்டிக்கொண்டது. மாடுகளுக்கான வட்டக் கம்பி ஃபீடரில் இன்னொன்றின் தலை உள்ளே போனது, திரும்ப வரவில்லை. ஒரு கம்பியை அரிந்துதான் எடுத்தோம். பிளாஸ்ரிக் தொட்டிக்குள் குட்டிகள் ஏறிப் படுத்தன. அவை மிதித்த புல்லைப் பெரியவை தொடவில்லை.

கடைசியில் மரப்பெட்டி. செய்தவர் வின்சென்ற் அண்ணை. மன்னார்க்காரர், தச்சர், கிழமையில் இரண்டு நாள் பண்ணைத் திருத்த வேலைக்கு வருவார். நிலத்திலிருந்து நாற்பத்தைந்து சென்ரிமீற்றர் உயரம், தலைக்குத் தலை ஐம்பது சென்ரிமீற்றர் இடைவெளி. தலை குனிந்து தின்பதால் சருகு கீழேயே விழுந்தது. பெலெற் எனும் உருண்டைத் தீனிக்கு, மழைநீர் ஓடும் கூரைப் பீலியை வெட்டி வேலியில் பொருத்தினோம். அவசரமாக விழுங்கினால் தொண்டையில் அடைக்கும் என்பதால் பீலிக்குள் முட்டையளவு வழுவழுப்பான கற்களைப் போட்டேன். கல்லை ஒதுக்கி ஒதுக்கி மெதுவாகத் தின்னும்.

வின்சென்ற் அண்ணை எட்டிப் பார்த்தார். "சாப்பாட்டிலை கல்லுப் போட்டுக் குடுக்கிற பண்ணை கனடாவிலை இது ஒண்டுதான். வெளியிலை சொல்லிப் போடாதையும்."

நான் சிரித்தேன். அந்த மாதத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில், ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்ற்றில் தனியாக இருக்கிறேன். வெள்ளி மாலை வேலை விட்டால் திங்கள் காலை வரை யாருடனும் பேசாத கிழமைகள் இருந்தன.

சிவப்பு மட்டை

ஆறாம் கிழமை நிறுத்துப் பார்த்தபோது எல்லாம் எடை கூடியிருந்தன, பதினேழாம் இலக்கத்தைத் தவிர. அறுபத்தொரு கிலோ இருந்தது ஐம்பத்தொன்பதாகி இருந்தது. பதினேழு சினையாக நின்றது. கவனித்துப் பார்த்தேன். பெட்டியடிக்கு வரும்போதெல்லாம் நான்கு பலசாலிப் பெண் அல்பாக்காக்கள் அதன் முகத்தில் துப்பி விரட்டின.

தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு பழக்கம். பழுதான சாமானை வரிசையிலிருந்து எடுத்துத் தனி மேசையில் வைத்து, சிவப்பு மட்டை, அதாவது ஓர் அட்டைத் துண்டு, கட்டி, காரணம் பிடிபடும் வரை வேறொன்றோடும் கலக்கவிட மாட்டோம். அதையே செய்தேன். கொட்டிலின் கடைசியில் பலகைச் சுவர் வைத்த ஓர் அடைப்பை ஒதுக்கி, சுத்தம் செய்து, புதுப் பெட்டி வைத்து, நல்ல புல் போட்டேன். கதவில் ஒரு சிவப்பு மட்டையும் கொழுவினேன். யாரும் துப்பாத, யாரும் தள்ளாத இடம். இதைவிட வசதி ஒரு பிராணிக்கு வேண்டியதில்லை என்று நம்பினேன்.

பதினேழு தின்னவில்லை. பெட்டியை உயர்த்தினேன், தாழ்த்தினேன், வாளிக்கு மாற்றினேன், பிறகு அகலத் தட்டுக்கு. ஒன்பது நாளில் நான்கு ஃபீடர்கள். எடை ஐம்பத்தாறரைக்கு வந்தது. மிருக வைத்தியர் வந்து பல்லைப் பார்த்தார், சாணத்தைச் சோதித்தார். நோய் எதுவும் இல்லை. இப்படியே இறங்கினால் குட்டி தங்காது, தாயும் தப்புவது கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம்

பத்தாம் நாள், எத்தனை நிமிடம் மெல்லுகிறது என்று குறிக்க அடைப்புக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். சாப்பாட்டு நேரம் என்பதால் என் டப்பாவையும் கொண்டுபோயிருந்தேன். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். நான் இரண்டு வாய் உண்டதும் பதினேழு தட்டடிக்கு வந்து தலையைக் குனிந்தது. பதினொரு நிமிடம் தின்றது. நான் டப்பாவை மூடியதும் அதுவும் நிறுத்தியது.

ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது என் வேலை கற்றுத்தந்தது. மறுநாள் வெறுங்கையோடு உட்கார்ந்தேன், மூன்று நிமிடம்தான் தின்றது. வெளியே நின்று பலகை இடுக்கால் பார்த்தேன், ஒன்றுமில்லை. திரும்பவும் உள்ளே போய்ச் சாப்பிட்டேன்; பன்னிரண்டு நிமிடம்.

பெட்டியின் உயரமோ வாளியின் அகலமோ காரணம் அல்ல. கூட்டத்தில் வாழும் பிராணி. பக்கத்தில் இன்னொரு வாய் அசையாவிட்டால் அது தின்னாது. ஒன்பது நாட்களாக நான்தான் அதைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

அன்றே ரஞ்சி அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த நான்கு நாட்களும் பன்னிரண்டு மணிக்கு டப்பாவோடு அடைப்புக்குப் போனேன். மூன்றாம் நாள், நான் கதவடிக்கு வருமுன்பே பதினேழு காதை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அன்று புட்டு கொஞ்சம் கூடக் கொண்டுபோயிருந்தேன், இருவரும் தின்னும் நேரம் நீளட்டும் என்று. எடை இறங்காமல் நின்றது. ஆனால் ஏறவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வேளைத் தீனியில் ஒரு சினைப் பிராணி ஏறாது. அது எனக்குத் தெரிந்திருந்தது. கொப்பியில் எழுதியும் இருக்கிறேன்.

ஐந்தாம் நாள் வின்சென்ற் அண்ணை கதவடியில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தார்.

"தம்பி, நாலு தரம் பெட்டி மாத்திப்போட்டீர். ஆள் தனிய நிக்கிறதை ஒருக்கா மாத்திப் பாரும்," என்றார். பிறகு குரலைத் தணித்து, "உமக்கும் அது தெரியும் போலை கிடக்கு," என்றார்.

நான் டப்பாவை மூடிவிட்டு ரஞ்சி அக்காவிடம் போனேன். பத்தாம் நாளிலிருந்து கொப்பியை வாசித்துக் காட்டினேன். அவர் முழுவதும் கேட்டார்.

"அப்ப நாலு நாள் ஏன் சொல்லேல்லை?"

"மத்தியானத்திலை ஆரோ எனக்காகப் பாத்துக்கொண்டு நிண்ட மாதிரி இருந்தது, அக்கா."

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து யன்னலால் கொட்டிலைப் பார்த்தார். "அவளுக்கு வயித்திலை குட்டி நிக்குது, தம்பி," என்றார். "இப்பவே போய்ப் பலகையைக் கழட்டும்."

அன்று பின்னேரம் செய்தது

சுவர்ப் பலகைகளைக் கழற்றி, இடையில் கம்பி வேலி போட்டோம். முழுக் கூட்டமும் கண்ணில் தெரியும், துப்பல் எட்டாத தூரம். மந்தையில் சாதுவான இரண்டு பெண்கள், நான்காம் இலக்கமும் இருபதாம் இலக்கமும், பதினேழோடு உள்ளே வந்தன. மூன்று உருப்படிக்கு ஐந்து இடமுள்ள பெட்டி வைத்தோம். தள்ளப்படுவது ஒதுங்கிப்போய்த் தின்ன இடம் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது வின்சென்ற் அண்ணையின் யோசனை. பெரிய கூட்டத்துக்கும் பிறகு அதே கணக்கில் பெட்டிகளைக் கூட்டினோம்.

பதினேழு முதல் பத்து நிமிடம் சும்மா நின்றது. நான்காம் இலக்கம் தலையைக் குனிந்ததும் தானும் குனிந்தது. ஆறு கிழமையில் அறுபத்து மூன்று கிலோ. கோடை தொடங்கியபோது ஒரு பெண் குட்டி பிறந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஃபீடரின் உயரம், இடைவெளி, கம்பி அகலம் எல்லாவற்றையும் என்னிடம் கேட்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறேன். அவற்றோடு இரண்டு நிரல் சேர்த்துக் கீறச் சொல்கிறேன். ஒன்று, பக்கத்தில் நின்று தின்றது எது. மற்றது, இந்த ஏற்பாடு யாருக்கு வசதி. இரண்டாவதை நிரப்பும்போது பொய் எழுதுவது சுலபம். முதல் ஒன்பது நாட்களும் நான் அறியாமல் செய்த பிழை. பின் நான்கு நாட்களுக்கு அந்தச் சமாதானம் இல்லை.

பலகை கழற்றியதற்கு அடுத்த நாள் பன்னிரண்டு மணிக்கு அந்தப் பக்கம் போனேன். அன்றைய குறிப்பு இப்படி இருக்கிறது: "12.05. பதினேழு பெட்டியடியில். இடப்பக்கம் நான்காம் இலக்கம், வலப்பக்கம் இருபதாம் இலக்கம். நான் வேலியடியில் ஏழு நிமிடம் நின்றேன். தலை நிமிரவில்லை. நல்லது."