கெயவுலாவே என்று கத்திவிட்டாள்

ஹலியாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஹவாய்த் தீவின் தெற்குக் கரையில் எந்தப் பாறையைக் காட்டினாலும் பெயர் சொல்வாள். சுற்றுலாப் பலகைகளில் தேன்நிலவுக் குடா, ஆமைக் கடற்கரை என்று வாய்க்கு வந்ததை எழுதி வைத்திருந்தால் பேனாவால் அடித்துத் திருத்துவாள். கடைக்காரர்களுக்கும் அவளுக்கும் இதனாலேயே ஆகாது. முன்னோர்கள் பொழுது போகாமல் பெயர் வைக்கவில்லை என்பது அவள் கட்சி. அங்கே ஒரு பாறைக்கரைக்குக் கெயவுலாவே என்று பெயர்; ஆளை இழுத்துப்போகும் நீரோட்டம் என்று அர்த்தம். அந்தப் பெயர் வருவதற்கு முன் எத்தனை பேர் போனார்களோ, யார் கண்டது.

அவளுக்கென்று இருந்தது ஒரே தம்பி, லொபாகா. பாறையில் ஒட்டிக்கிடக்கும் ஓபிஹிச் சிப்பியை, அலை பின்வாங்கும் நேரம் பார்த்துக் கத்தியால் பெயர்த்தெடுப்பது அவன் பிழைப்பு. அலைக்கு முதுகைக் காட்டினால் ஆள் காலி.

அங்கே கடலுக்குப் போகிறவனிடம் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும், சும்மா சுற்றிவிட்டு வருகிறேன் என்பான். இடத்தின் பெயரை வாய்விட்டுச் சொன்னால் மீனுக்குக் கேட்டுவிடும், அன்றைய பாடு வீண். அப்படிச் சொல்லப்பட்ட இடத்தில் அன்று எவனும் கால் வைக்க மாட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் கடல் சத்தமே போடவில்லை. ஹலியாவுக்கு அது பிடிக்கவில்லை. தெற்கிலிருந்து பெரிய அலை வருவதாக வானொலி சொல்லியிருந்தது. லொபாகா பையோடு கிளம்பினான்.

"மூஞ்ச ஏங்க்கா இப்படி வெச்சிருக்க? யாரு பலகைய அடிச்சுத் திருத்தப் போற?"

"இன்னைக்கு வேணாம்டா."

"நாளைக்கு என் பேத்திக்கு மொதப் பொறந்தநாளு. ஓபிஹி இல்லாத விருந்துன்னா ஊரே சிரிக்கும்."

வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியவள், தெருவே கேட்கக் கத்திவிட்டாள்.

"கெயவுலாவே பக்கம் மட்டும் போயிடாதடா!"

லொபாகாவின் முகம் கறுத்தது. "போச்சு. பேரச் சொல்லித் தொலைச்சிட்டியே அக்கா!" பையைப் படியில் வீசிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். ஹலியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திட்டினால் திட்டட்டும், ஆள் வீட்டில் இருக்கிறானே.

மாலை நாலு மணிக்கு எட்டிப் பார்த்தாள். பையும் இல்லை, அவனும் இல்லை. கடல் இரைய ஆரம்பித்திருந்தது.

மீட்புப் படைக்குப் போன் செய்தாள். எந்த இடம் என்று கேட்டார்கள். காலையிலிருந்து மனத்தை அரித்த ஒரே பெயர்தான் வாயில் வந்தது. ஹெலிகாப்டர் கெயவுலாவேக்கு மேல் இரண்டு மணி நேரம் சுற்றியது. கீழே பாறைகளை மூடிக்கொண்டு அலை ஏறிக்கொண்டே இருந்தது.

"இங்கதான் வந்திருப்பாருன்னு நிச்சயமாத் தெரியுமாம்மா?" என்று, கரைக்கு ஓடிவந்து நின்ற அவளிடம் மீட்புப் படை அதிகாரி கேட்டார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இல்லய்யா. இங்க வந்திருக்க மாட்டான். நாந்தான் பேரச் சொல்லிட்டேனே."

"அப்ப வேற எங்க போயிருப்பாரு?"

"நான் சொன்ன எடத்தத் தவிர எங்க வேணும்னாலும் போயிருப்பான்."

அதிகாரி கரையை இரண்டு பக்கமும் பார்த்தார். வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது.