தேவசகாயத்திடம் படித்த சிலந்தி

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் காலை ஆறு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு நாய்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவற்றின் எதிரே, நாய்களைவிட விறைப்பாக நிற்பவர் தேவசகாயம். இருபத்தாறு வருடமாக நாய் பழக்குகிறவர். உயிர் என்று ஒன்று இருந்தால் போதும், எதையும் பழக்கிவிடலாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சை நம்பித்தான் சிதம்பரம் அண்ணாமலை நகரிலிருந்து விலங்கியல் பேராசிரியர் வைத்திலிங்கம் ஒரு கண்ணாடித் தொட்டியோடு வந்து இறங்கினார்.

பேராசிரியர் இரண்டு மாதப் பயிற்சிக்காகப் புனே போகவேண்டியிருந்தது. அவருடைய நாயை மாமியார் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். தொட்டிக்குள் இருந்ததை ஏற்க மட்டும் ஆளில்லை. அது டாரன்டுலா என்னும் பெரிய வகைச் சிலந்தி. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் முடி. வாரம் இரண்டு கரப்பான்பூச்சி, ஒரு மூடித் தண்ணீர், அவ்வளவுதான் செலவு என்றார்.

“இதப் பழக்க முடியுமா சார்?” என்று தேவசகாயம் கேட்டார்.

அதெல்லாம் கஷ்டம் என்று பேராசிரியர் சிரித்தார். அந்தச் சிரிப்பு தேவசகாயத்துக்குப் பிடிக்கவில்லை. வண்டி தெருமுனை திரும்புவதற்குள் சிலந்திக்கு ராணி என்று பெயர் வைத்துவிட்டார்.

மாலையில் வேலை முடிந்து வந்த மனைவி முத்தம்மாள் தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இந்த மாதிரி ஆளுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

முதல் பாடம் தட்டிக்கொடுத்தல். நாய்க்கு முதுகைத் தடவினால் நம்பிக்கை வரும் என்பது அவர் கண்ட அனுபவம். ராணியின் முதுகை ஒரு விரலால் தடவினார். அது பின்னங்காலால் வயிற்றைப் பரபரவென்று தேய்த்து முடியை உதறியது. இரண்டு நாள் கையெல்லாம் அரிப்பு. மைதானத்தில் அவர் சொறிந்துகொண்டதை ஏதோ புதுச் சைகை என்று நினைத்து ஒரு லாப்ரடார் படுத்துக்கொண்டது.

அடுத்து, கூப்பிட்டால் வருவது. தொட்டியை ஸ்பூனால் மூன்று முறை தட்டி, “ராணி, வா” என்று சொல்லிக் கரப்பான்பூச்சியைப் போட்டார். மூன்றாவது வாரம், பூச்சி போடுவதற்கு முன்பே, தட்டின சத்தத்துக்கு ராணி தொட்டிக்குள் கிடந்த ஓட்டுச்சில்லுக்கு அடியிலிருந்து இரண்டு கால்களை நீட்டியது. தேவசகாயத்துக்கு அன்று சந்தோஷத்தில் சோறே வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு மளிகைக்கடைக்காரர் தங்கராசுவைக் கூட்டிவந்து காட்டினார். தங்கராசு கதவோரமாகவே நின்று பார்த்துவிட்டு, நல்ல பிள்ளை என்று சொல்லிப் போனார்.

மறுநாள் முத்தம்மாள் சட்னிக்கு மிக்சியைப் போட்டாள். தொட்டி இருந்த மேடையிலேயே மிக்சியும் இருந்தது. ராணி அதே இரண்டு கால்களை நீட்டியது.

“என்கிட்ட ஒண்ணும் படிக்காமலேயே எனக்கும் வருதுங்க” என்றாள் முத்தம்மாள்.

தேவசகாயம் தொட்டியைப் படுக்கையறைக்கு மாற்றினார். முத்தம்மாள் கூடத்துக்கு மாறினாள்.

அதன்பின் ராணி சாப்பிடுவதை நிறுத்தியது. பூச்சி அதன் முகத்துக்கு நேரே நடந்துபோனாலும் சட்டை செய்யவில்லை. முந்தின நாள் தான் கொஞ்சம் ஜாஸ்தியாக அதட்டியதால் கோபித்துக்கொண்டது என்று தேவசகாயம் முடிவு செய்தார். கையாலாகாதவராக உணர்ந்தார். நாயென்றால் காதைப் பார்த்தே மனசைச் சொல்லிவிடுவார். இதற்குக் காது எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. அதட்டலை விட்டுவிட்டு, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, “படு ராணி, படு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து வந்து பார்த்தால், ராணி மல்லாந்து படுத்திருந்தது. எட்டுக் கால்களும் மேலே.

நாய்களுக்கே இதைச் சொல்லிக்கொடுக்க மூன்று மாதம் ஆகும். தேவசகாயம் தெருவுக்கு ஓடி, தங்கராசுவையும் நாய்க்காரர்கள் நாலு பேரையும் அழைத்துவந்தார். எல்லாரும் அசந்துபோனார்கள். சரி, எழுப்புங்கள் என்றார் தங்கராசு.

“எழுந்திரு ராணி.”

ராணி எழுந்திருக்கவில்லை. ஸ்பூனால் தட்டினார். முத்தம்மாளிடம் மிக்சியை எடுத்துவந்து ஓட்டச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. வந்தவர்கள் மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். தேவசகாயம் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பேராசிரியருக்கு என்ன பதில் சொல்வது என்பதைவிட, பட்டினியோடு போய்விட்டதே என்பதுதான் அவரை அறுத்தது. முத்தம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். புதைக்கும்போது தானும் கூட வருவதாகச் சொன்னாள்.

கொல்லையில் முருங்கைமரத்தடியில் இருவரும் குழி வெட்டியபின், மூன்று மணி வாக்கில் தொட்டியை எடுக்க உள்ளே போன முத்தம்மாள் அங்கிருந்தே கூப்பிட்டாள். “ஏங்க, இங்க ரெண்டு இருக்கு.”

தேவசகாயம் போனை எடுத்தார். புனேயில் பேராசிரியர் முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார். சிலந்தி வளரும்போது மல்லாந்து படுத்துத் தோலை உரிக்கும்; அதற்கு முன் வாரக்கணக்கில் சாப்பிடாது; ரெண்டில் ஒன்று வெறும் தோல். ஒரு வாரத்துக்கு அதைத் தொடாதீர்கள் என்றார்.

“அப்ப நான் சொன்னதுக்குப் படுக்கலையா சார்?”

“இல்லைங்க.”

“தட்டினா வந்துதே?”

பேராசிரியர் யோசித்தார். தட்டலுக்கும் தீனிக்கும் ஏதோ சம்பந்தம் அதற்குப் பிடிபட்டிருக்கலாம், அதிர்வுக்கே வந்திருக்கவும் வாய்ப்புண்டு, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பிறகு தயங்கி, “என்கிட்ட நாலு வருஷமா இருக்கு. என்னையே அதுக்குத் தெரியாது, தேவசகாயம்” என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் தேவசகாயத்துக்குப் பாதி பாரம் இறங்கியது. படித்தவருக்கே அதுதான் மரியாதை. தொட்டியருகே போய்ப் பார்த்தார். புதுத்தோலில் ராணி கல்யாணப் பட்டுப்போல் மின்னியது. அன்று அதற்கு எந்தப் பாடமும் எடுக்கவில்லை. முத்தம்மாள் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவளும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பேராசிரியர் திரும்பிவந்து ராணியைக் கொண்டுபோனபின், வடலூரிலிருந்து ஒருவர் பூனையோடு வந்தார். எத்தனை நாளில் பழக்கலாம் என்று கேட்டார். தேவசகாயம் பூனையைப் பார்த்தார். பூனை ஜன்னலைப் பார்த்தது.

“ரெண்டு வாரம் விட்டுட்டுப் போங்க” என்றார் தேவசகாயம். “மொதல்ல அது இன்னா பண்ணுதுன்னு பாக்கறேன்.”