மூன்றாம் மாடிக் கதவு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு தொழில் விதி உண்டு. உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், கதவு திறக்கும்வரை பேச்சை நிறுத்தக் கூடாது. இதில் நம் மெக்கானிக்கை அடித்துக்கொள்ள ஆளில்லை. முன்பின் தெரியாதவர்களின் மாமியார் கதை முதல் மூல வியாதி வரை கதவு வழியாகவே கேட்டு ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தால் மட்டும் வாய்க்குப் பூட்டு. மனைவி நெருங்கி உட்கார்ந்தால் எழுந்துபோய்க் குழாயைச் சரிபார்ப்பார். குழாய் நன்றாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குக் கிளம்பிவிடுவார். முதலாளி அதைத் தொழில்பக்தி என்று நம்பிச் சிறந்த ஊழியர் கேடயம் கொடுத்தார். வீட்டிலிருந்து தப்பிக்க அது ஒரு சாக்கு என்று அந்த அப்பாவிக்கு எப்படித் தெரியும்?

மூன்று மாதமாகத் தூக்கம் போயிற்று. ஸ்பானரைப் பிடித்தால் கை நடுங்கியது. கேடயத்தைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. மனசிலிருப்பதை வீட்டில் யாரிடமாவது சொல்வதுண்டா என்று டாக்டர் கேட்டார். மாத்திரை போதும் என்று இவர் எழுந்து வந்துவிட்டார். அந்த மருந்துச் சீட்டு மனைவி கையில் சிக்கியது. என்னவென்று கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். பதில் வராவிட்டால் விடவே மாட்டாள், அது அவள் வியாதி. தலைவலி என்றார். வெள்ளிக்கிழமைக்குள் உண்மையைச் சொல்லாவிட்டால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்றாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் மனுஷன் வேலைக்கு ஓடிவிட்டார்.

பத்து மணிக்கு அழைப்பு வந்தது. அவர் நான்காம் மாடியில் குடியிருக்கும் அதே கட்டடத்தில் லிஃப்ட் ஆளோடு மூன்றாம் மாடியருகே நின்றுவிட்டது. ஊர் லிஃப்ட்டையெல்லாம் பழுதுபார்க்கிற மகானுக்கு, சொந்தக் கட்டடத்தின் தேய்ந்த சுவிட்சை மாற்ற ஆறு மாதமாக நேரமில்லை. ஓடிவந்து மூன்றாம் மாடிக் கதவருகே பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார்.

“பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன். உங்கள விட்டு எங்கயும் போகமாட்டேன்.”

உள்ளே எதையோ தொப்பென்று தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

“கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துல இப்பத்தான் இதச் சொல்றீங்க,” என்றது மனைவியின் குரல். பெட்டியோடு கிளம்பியவள் மாட்டிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் விதி விதிதான். கதவைப் பார்த்தபடியே தூக்கமில்லாததைச் சொன்னார், கை நடுங்குவதைச் சொன்னார். சின்ன வயதில், இதோ வந்துவிடுகிறேன் என்று போன அம்மா வரவேயில்லை என்றார். யார் நெருங்கினாலும் விட்டுப் போய்விடுவார்களோ என்று பயந்து, தானே முதலில் நகர்ந்துவிடுவதாகச் சொன்னார். மூக்கு ஒழுகியது. கை மட்டும் தன்பாட்டுக்குக் கதவுச் சாவியை எடுத்தது.

“தொறக்கட்டுமா?”

“வேண்டாம். முழுசா சொல்லி முடிங்க.”

மூச்சிரைக்கப் படியேறி வந்த ஐந்தாம் மாடிக்காரர், இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். அரை மணி நேரம் என்று தொழில் வாழ்க்கையின் முதல் பொய்யைச் சொல்லிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

எல்லாம் கேட்டு முடித்தபின் அவள் சொன்னாள்: “பெட்டி கனமா இருக்கு. தொறந்ததும் நீங்களே வீட்டுக்குத் தூக்கிட்டு வாங்க.”