மூச்சடக்கி அளக்கிறவர்

மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திக்கொண்டுதான் ஜெபராஜ் அந்த இரட்டைக் கம்பியைக் கிண்ணத்தில் இறக்குவார். ஒரு கம்பி குட்டை, ஒன்று நெட்டை. குட்டை கிண்ணத்துக்குள், நெட்டை வெளியே. மீட்டரில் எண் நிற்கும்வரை மூச்சு வராது. எண்ணை எழுதிவிட்டுத்தான் விடுவார். ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு கிண்ணம். முடிப்பதற்குள் நெற்றி வேர்த்து வழியும். "முத்துக் குளிக்கவா வந்தே?" என்று கேட்டிருக்கிறேன். "சிரிக்க வைக்காதீங்கக்கா, லேயர் கிழிஞ்சிடும்" என்பார்.

நாவலூரில் மருந்து சோதிக்கும் ஒரு கம்பெனியின் மூன்றாவது மாடி அது. நான் அங்கே தரை துடைக்கிறேன், பாட்டில் கழுவுகிறேன். புருஷன் போன பிறகு கோவளத்தில் மீன் விற்றேன். முட்டி தேய்ந்ததும் இங்கே வந்தேன். எல்லோருக்கும் நான் ஆயா. ஜெபராஜுக்கு மட்டும் அக்கா. அவருக்கு ஐம்பத்து நாலு வயது. பெரிய படிப்பு கிடையாது. கை சுத்தம் என்பதற்காகவே இருபத்தாறு வருஷமாக அவரை வைத்திருந்தார்கள்.

மாடம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் கை கழுவுவார். குட்மார்னிங் எல்லாம் அப்புறம்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் கிண்ணத்தில் வளரும் செல்லுக்குத் தீனி மாற்ற வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையும் வந்து நிற்பார். சர்ச்சுக்குப் போட்ட சட்டை மேலேயே வெள்ளைக் கோட்டு. மனைவி சாராள் போனில் திட்டுவது எனக்கே கேட்கும். லேயருக்கு ஞாயிறு தெரியாது என்று சமாதானம் சொல்வார்.

அப்படி என்னதான் அதில் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். கிண்ணத்தின் அடி மெல்லிய தோல் மாதிரி இருக்குமாம். மருந்து குடலைத் தாண்டிப் போகுமா என்று பார்க்க, அதில் மனுஷக் குடலின் செல்லைத் தூவி மூன்று வாரம் வளர்க்கிறார்கள். செல்லெல்லாம் ஒரே அடுக்காக நெருக்கியடித்து நிற்கும், அதுதான் லேயர்.

"நெருங்கி நின்னா மட்டும் போதாதுக்கா. தாம்பரம் ஸ்டேஷன்ல கூட்டம் நெருங்கித்தான் நிக்குது, நடுவுல பூந்து போறவன் போயிட்டுத்தான் இருக்கான். பக்கத்துப் பக்கத்துச் செல் ரெண்டும் மேல் விளிம்புல தைச்ச மாதிரி ஒட்டிக்கணும். அந்தத் தையலுக்குப் பேர்தான் டைட் ஜங்ஷன்."

தையல் இறுகினால் கம்பி விடும் கரண்ட் புகுந்து போக இடம் குறையும், அந்தத் தடையைக் காட்டும் மீட்டரில் எண் ஏறும். தளர்ந்தால் இறங்கும்.

"அப்போ வலை மாதிரின்னு சொல்லு. கண்ணு சின்னதா இருந்தா நெத்திலி கூட தப்பாது" என்றேன்.

அது அவருக்குப் பிடித்துப்போனது. இந்த வலையின் கண் சுருங்கவும் செய்யும், விரியவும் செய்யும் என்றார். தண்ணீரும் உப்பும் கொஞ்சம் போகலாம், பெரிசு எதுவும் போகக் கூடாது. கால்சியம் இல்லாத தண்ணீரில் வைத்தால் செல்கள் ஒன்றை ஒன்று விட்டுவிடும். திரும்பக் கால்சியம் கொடுத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். கம்பி குத்திக் கிழிந்தால் மட்டும் அந்தக் கிண்ணம் அவ்வளவுதான். கிழிந்த கிண்ணம் பொய் சொல்லும். மேலே ஊற்றிய மருந்து ஓட்டை வழியாகக் கீழே விழுந்திருக்கும். குடல் வாங்கிக்கொண்டது என்று எழுதிவிடுவார்கள்.

அந்தக் கம்பியைப் பிடிக்கிற கை போன ஆடியில் ஆட ஆரம்பித்தது. நான்தான் முதலில் பார்த்தேன். கம்பி கிண்ணத்து விளிம்பில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. காபியை விட்டார். ஸ்பூன் சிந்துகிறது என்று மத்தியானச் சாப்பாட்டை இட்லிக்கு மாற்றினார். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு அளந்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ரெண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

மார்கழியில் மூன்று தட்டு வரிசையாகக் கெட்டது. மேனேஜர் ரோஹிணி வந்து நின்றார். பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் அஞ்சலியும் எழுந்து வந்தாள். தீனி கெட்டதா, செல் வளர்க்கும் சூட்டுப்பெட்டி கெட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்த ரோஹிணி, என்னிடம் திரும்பி, பாட்டிலில் சோப்பு நின்றிருக்குமோ என்றார். நான் ஏழு தண்ணீர் அலசுகிறவள். ஜெபராஜைப் பார்த்தேன். அவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சோப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்லம்மா. இவரு கை ஆடிகினு கீது. அஞ்சு மாசமா நான் பாத்துகினுதான் கீறேன்."

ரோஹிணி சத்தம் போடவில்லை. கையை நீட்டுங்கள் என்று மட்டும் சொன்னார். ஜெபராஜ் நீட்டினார். எல்லோரும் பார்த்தோம்.

பயப்படுகிற வியாதி இல்லை, சிலருக்கு இந்த வயசில் வருகிற நடுக்கம்தான் என்று டாக்டர் சொன்னாராம். கம்பி அஞ்சலி கைக்குப் போனது. ஜெபராஜை ஸ்டோரில் பெட்டி பார்க்கப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியதில்லை. சாராளுக்கு அதில் சந்தோஷமாம்.

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் என்மேல் பழி விழக் கூடாது என்று அந்த மனுஷனை அத்தனை பேர் முன்னால் கை நீட்ட வைத்துவிட்டேன். ஒருநாள் மாடிப்படியில் அவரே நின்றார்.

"எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமேக்கா. நானே போய் மேடத்துகிட்ட சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பியா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. படியிறங்கிப் போய்விட்டார்.

போன புதன்கிழமை அஞ்சலியின் தட்டில் எண் ஏறவில்லை. ஜெபராஜை ஸ்டோரிலிருந்து கூப்பிட்டாள். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். செல் மூடியிருக்கிறது, தையல்தான் இன்னும் விழவில்லை, ரெண்டு நாள் பொறு என்றார். அஞ்சலி கம்பியை அவரிடம் நீட்டி, ஒரே ஒரு கிண்ணம் நீங்களே வைத்துப் பாருங்கள் சார் என்றாள்.

ஜெபராஜ் நான் நின்ற பக்கம் திரும்பினார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கதவைத் தாண்டும்வரை, வலது கையைக் கோட்டுப் பைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை.