புயலில் போன விமானமும் வெளியே உறங்கிய பிள்ளையும்

நாங்கள் குடியேறிய குளிர்நாட்டு ஊரான பிராண்டேயில் பிள்ளைகளைப் பகலில் வெளியே, தள்ளுவண்டிலில்தான் உறங்க வைக்கிறார்கள். வீட்டுக்கு வரும் தாதி சொன்னபடி நானும் செய்தேன். யன்னலருகே இருந்து, விடுதலையான போர்க் கைதிகளை ஏற்றிவந்த இராணுவ விமானம் ஒன்று புயலில் காணாமற்போனதைப் பற்றி வாசித்தேன். மகன் வருகிறான் என்று கேட்ட அன்றுதான் அந்தக் கைதிகளின் தாய்மார் பயத்தை இறக்கிவைத்திருப்பார்கள். நிமிர்ந்தபோது காற்று எழும்பியிருந்தது. வண்டிலின் மூடி முகில்போல உப்ப, வண்டிலே மெல்ல மிதப்பதுபோலிருந்தது.

வாசித்ததையும் வண்டில் மிதப்பதுபோலத் தெரிந்ததையும் கணவரிடம் சொன்னேன்.

“இஞ்சேரும், வண்டிலுக்குச் செட்டையில்லை, பறக்காது. பிள்ளையைக் குழப்பாதையும்,” என்று சிரித்தார்.

“ஓம், குழப்பேல்லை.”

எழுப்புவது பிழையோ, விடுவது பிழையோ தெரியவில்லை. வெளியே போய் வண்டிலின் கைபிடியைப் பற்றிக்கொண்டேன். பிள்ளை உறக்கத்தில் சிரித்தது. காற்று அடங்கும்வரை அப்படியே நின்றேன்.