தொட்டி வடிவத்தில் ஒரு தோல்

விடுதியின் சலவையறைக்குப் பொறுப்பானவளைச் சோப்பக்கா என்றால்தான் தெரியும். இளம் வயதில் விரிப்பு மடிக்க வந்தவள். விரல் வெடிக்க உழைத்து மேலே வந்தவள். பிளாஸ்டிக் என்றால் அவளுக்கு ஆகாது. திரவ சோப்பு வந்த காலி கேன்கள் சுவரோரம் குவியக் குவிய அவளுக்கு வயிறெரியும்.

அதனால்தான் சோப்புத் தாள் வந்ததும் தலையில் தூக்கிவைத்து ஆடினாள். அட்டைப் பெட்டி, உள்ளே காகிதம்போல் மெல்லிய தாள்கள். தண்ணீரில் போட்டால் இருந்த இடம் தெரியாது. மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அண்ணியிடம் பேசிப் பேசியே, கடைசி அலசல் தண்ணீரை அண்ணி வீட்டுக் கீரைப் பாத்திக்குத் திருப்பிவிட்டாள். அண்ணி வேதியியல் ஆசிரியை. தன் வீட்டுக்கு இன்னும் கேன்தான் வாங்குவாள். "கேன்காரி" என்று நாத்தனார் கேலி செய்தால் சிரித்துக்கொள்வாள்.

தாளை நேராக இயந்திரத்தில் போடுவதுதான் முறை. சோப்பக்காவுக்குப் பழைய பழக்கம் விடவில்லை. தொட்டியில் மொத்தமாகக் கரைத்துவைத்து, குவளையால் மொண்டு ஊற்றுவாள். விடுமுறைக்கு விடுதி மூடியபோது கரைத்தது அப்படியே நின்றுவிட்டது.

திரும்பி வந்தபோது தொட்டி வற்றியிருந்தது. அடியில் பிசுபிசுவென்று ஏதோ படிந்திருந்தது. நகத்தால் நெம்பினாள், தோல்போல் உரிந்து வந்தது. இழுத்தால் நீண்டது.

"எவன் இதுல பிளாஸ்டிக் கவரைப் போட்டது?" என்று கத்தினாள்.

இஸ்திரி போடுகிறவர் எட்டிப் பார்த்தார். "கவரா? நல்லாப் பாருக்கா. தொட்டி மாதிரியே வட்டமா இருக்கு. நீ ஊத்துனதுதான் காஞ்சிருக்கு."

சோப்பக்கா அதை முழுதாக உரித்தெடுத்தாள். அதைக் கையில் பிடித்தபடியே மதிலைச் சுற்றி ஓடினாள்.

அண்ணி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "பெட்டியில என்ன எழுதியிருக்கு?"

"பிளாஸ்டிக் இல்லைன்னு, பச்சையா, பெருசா."

"பக்கவாட்டுல பொடி எழுத்துல பாலிவினைல் ஆல்கஹால்னு இருக்கும். தாளைச் சேத்துப் பிடிக்கிறதே அதுதான். கரையுற பிளாஸ்டிக்."

"கரைஞ்சா போயிடும்ல, அண்ணி?"

"கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கரையுறது வேற, மக்குறது வேற. சரியான கிருமி இருந்தா அது தின்னுடும். எல்லா மண்ணுலயும் தின்னுமான்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்குள்ளேயே அடிதடி."

"தெரிஞ்சுமா பேசாம இருந்த?"

"நீ வாங்குற பெட்டியை நான் எப்போ பார்த்தேன்? நீதான் பிளாஸ்டிக்கே இல்லைன்னு சத்தியம் பண்ணே. நானும் நம்பித்தான் கீரையைப் பறிச்சு உனக்கும் குடுத்தேன்."

சோப்பக்கா பாத்தியைப் பார்த்தாள். குழாய் வாயில் ஈரம் மினுங்கியது. கீரை பச்சைப்பசேலென்று நின்றது. எதுவுமே தெரியவில்லை, அதுதான் அவளைக் கதிகலங்க வைத்தது. கேன் குவிந்தபோது கண்ணுக்காவது தெரிந்தது.

"இதைத் தோண்டி எடுத்துட முடியாதா?"

"எதைன்னு தோண்டுவ?"

சோப்பக்கா குனிந்து, ஒரு பழந்துணியைப் பந்தாக்கிக் குழாய் வாயில் திணித்து அடைத்தாள். பிறகு சலவையறைச் சுவரோரக் குவியலிலிருந்து இரண்டு கேன்களை எடுத்து, நுரை அடங்கும்வரை கழுவி, குழாயடியில் பாத்திக்கு நல்ல தண்ணீர் பிடித்துவந்தாள்.

வாசலில் நின்ற அண்ணி, "வாம்மா கேன்காரி" என்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.