அத்தாவிடம் கேட்ட கேள்வி

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் எங்கள் தொடக்கப் பள்ளிக்கு மூன்று கம்ப்யூட்டர்கள் வந்தன. உத்தமபாளையத்தை ஒட்டிய சின்னப் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்புகளுக்கு மூன்று ஆசிரியர்கள். கம்ப்யூட்டர் வந்ததே தவிர இன்டர்நெட் வரவில்லை. ஆனால் தேனியில் இரண்டு நாள் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பும்படி தாள் மட்டும் வந்துவிட்டது. தலைமையாசிரியரைப் பெரிய சார் என்போம். அவர் தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். மூவரில் வயது குறைந்தவள் நான்தான். வேறு காரணம் எதுவும் அவர் சொல்லவில்லை.

பயிற்சியின் கடைசி ஒரு மணி நேரம், பிள்ளைகள் இணையத்தில் பத்திரமாக இருப்பது பற்றியது. முன்பின் தெரியாதவர் கேட்டால் பெயர், ஊர், பள்ளிக்கூடம், போன் நம்பர் நான்கையும் சொல்லக் கூடாது என்று கற்றுத் தர வேண்டுமாம். இன்டர்நெட்டே இல்லாத பள்ளியில் இது எதற்கு என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். மறுநாள் ஐந்தாம் வகுப்பில், பிரவுசிங் சென்டருக்குள் போனவர்கள் யார் யார் என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். பாதி வகுப்பு கை தூக்கியது. அண்ணனோடு கேம் விளையாடப் போனவர்கள், மாமாவோடு போனவர்கள், வளைகுடாவில் வேலை பார்க்கும் அத்தாவிடம், அதாவது அப்பாவிடம், பேசப் போனவர்கள். நான் அதுவரை ஒரே ஒரு முறை, தேர்வு முடிவு பார்க்கப் போனதோடு சரி.

நெட் இல்லாமல் எப்படிச் சொல்லித் தருவது? ஆண்டு விழாத் திரையை எடுத்து வகுப்பறையின் குறுக்கே கட்டினேன். இந்தப் பக்கம் பிள்ளைகள். அந்தப் பக்கம் யார் என்று தெரியாத ஒருவர். துண்டுச் சீட்டில் எழுதித் திரைக்கு அடியில் தள்ள வேண்டும், பதிலும் அப்படியே வரும். இதுதான் சாட்டிங் என்றேன். பிள்ளைகள் வருவதற்கு முன்பே பெரிய சாரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தேன். முதலில் முறைத்தார். பிறகு, தன் கையெழுத்து பிள்ளைகளுக்குத் தெரியும் என்று இடது கையால் எழுத அவரே யோசனை சொன்னார்.

பத்து வயதுப் பெண் பிள்ளையாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, உன் பெயர் என்ன என்று கோணல் எழுத்தில் கேட்டார். “சொல்ல மாட்டோம்” என்று எழுதி அனுப்பினார்கள். எந்த ஊர்? சொல்ல மாட்டோம். எந்தப் பள்ளிக்கூடம்? அதையும் சொல்ல மாட்டோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து, “நான் உங்க டீச்சரோட தங்கச்சி” என்று ஒரு சீட்டு வந்தது. அவ்வளவுதான். எங்க டீச்சர் சின்னமனூரிலிருந்து எட்டரை மணி பஸ்ஸில் வருவாக, டிரைவருக்குப் பின் சீட்டில்தான் உட்காருவாக, மத்தியானம் தக்காளிச் சோறு கொண்டுவருவாக என்று சீட்டுகள் போய்க்கொண்டே இருந்தன. கூடவே, கணக்குப் பீரியடில் பெரிய சார் தூங்குவாரு, டீச்சர் அதைப் பார்த்துச் சிரிப்பாக என்றும் ஒரு சீட்டு போயிருக்கிறது. அதை நான் கவனிக்கவில்லை.

திரை விலகியது. பெரிய சார் கையில் சீட்டுக் கட்டோடு நின்றார். அவர் ஒரு சீட்டை மட்டும் என்னிடம் நீட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனார். அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்காமல் தப்பித்துத் திரிந்தேன்.

அடுத்த நாள் பாடத்தைத் திருத்தினேன். அடுத்தவர் விஷயத்தையும் சொல்லக் கூடாது. தெரிந்தவர் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பவும் கூடாது. அவருக்கும் உங்களுக்கும் மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேளுங்கள், சரியாகச் சொன்னால்தான் மேலே பேச்சு என்றேன். தலையாட்டினார்கள்.

அந்த வகுப்பில் முதல் பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். அவளுடைய அத்தா ஐந்தாறு வருடமாக மஸ்கட்டில் டிரைவர். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அன்று சாயங்காலம் தாயும் மகளும் பிரவுசிங் சென்டருக்குப் போவார்கள். கேமராவில் முகம் பார்த்துப் பேசுவது வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்துக் கேமராவும் மைக்கும் வேலை செய்யவில்லை. வெறும் எழுத்துதான் வந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல இவள் டைப் செய்திருக்கிறாள். நடுவில் அவர், வீட்டுக்குப் புதிதாகப் போன் வந்துவிட்டதா, நம்பர் என்ன என்று கேட்டிருக்கிறார்.

இவள் கையை எடுத்துவிட்டாள். அம்மா என்ன சொல்லியும் கேட்கவில்லை. போன லீவில் வைகை அணைக்குப் போனபோது அத்தாவின் செருப்பு ஒன்று தண்ணீரில் போய்விட்டதாம். எந்தக் கால் செருப்பு என்று கேட்டு அடித்தாள். வலது என்று பதில் வந்தது. போனது இடது. “அது அத்தா இல்லம்மா” என்று சொல்லிக் கம்ப்யூட்டரில் அந்த சாட் ஜன்னலை மூடிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்பே அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்துவிட்டார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டபடி வாசலிலேயே நின்றார்.

“டீச்சர், பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தீக? அவுக அத்தாகிட்டயே நீங்க யாருன்னு கேட்டுப்புட்டா.”

நடந்ததை எல்லாம் அவர் சொல்லி முடித்தார். எனக்குச் சிரிப்பு முட்டியது, பயமாகவும் இருந்தது. அவுக கோபப்பட்டாகளா என்று கேட்டேன். மறுநாள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தவர், எந்தக் கால் என்பது தனக்கே மறந்துபோனதாகச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாராம், மகள் கெட்டிக்காரி என்றாராம்.

“அவுக சிரிக்கிறாக. எனக்குத்தான் சிரிப்பு வரல,” என்றார். “ஒரு வாரமா மனசுல வச்சிருந்தத அன்னைக்குச் சொல்லணும்னு போனேன்.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“போன்ல பேசுனா அடுத்த வீட்டுக் கூடத்துல நின்னு பேசணும். பிரவுசிங் சென்டருக்குப் போனா சுத்தி ஆளு இருக்கும், எழுதலாம்னா இவ கையாலதான் எழுதணும். எல்லாத்தையும் இவகிட்டச் சொல்ல முடியுமா டீச்சர்?”

எத்தனாவது வரை படித்தீர்கள் என்று கேட்டேன். எட்டு என்றார். ஆங்கில எழுத்து தெரியும், கீபோர்டைத்தான் தொட்டதில்லை. அப்படியானால் நாலு மணிக்கு மேல் வாருங்கள், என் பஸ் அஞ்சேகாலுக்கு என்றேன். பெரிய சாரிடம் பிறகுதான் கேட்டேன். அரசாங்கப் பொருள் என்று இழுத்தார். இரண்டாம் நாள் பார்த்தால் மூன்றாவது கம்ப்யூட்டரில் அவரும் உட்கார்ந்து ஒற்றை விரலால் தன் பெயரை அடித்துக்கொண்டிருந்தார். தூக்கச் சீட்டைப் பற்றி இருவரும் அதற்குப் பிறகு பேசவில்லை.

ஆறு வாரம் ஆனது. தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பதில் ழகரம் வந்தால் அந்த அம்மா நின்றுவிடுவார். எப்படி அடித்தாலும் உங்கள் வீட்டுக்காரருக்குப் புரியும் என்றேன். “அவுகளுக்கு நான் பேசுனாலே பாதி புரியாது” என்று சொல்லிவிட்டு, அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தார். பாஸ்வேர்டு என்றால் என்ன, அதை ஏன் யாருக்கும் காட்டக் கூடாது என்று சொன்னபோது, நான் சொல்லாமலே கீபோர்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசி வாரம் ஒரு முழுப் பத்தி அடித்தார். நான் அருகில் போனதும், கொஞ்சம் அங்கிட்டுப் பாருங்க டீச்சர் என்றார். ஜன்னலுக்கு வெளியே காய்ந்துகொண்டிருந்த நெல்லைப் பார்த்தபடி நின்றேன். அவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுந்தார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை முதல் பெஞ்சுப் பெண் என் மேஜைக்கு வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

“பிரவுசிங் சென்டர்ல அம்மா ஸ்கிரீனப் பாக்க விட மாட்டேங்குது டீச்சர். வெளிய பெஞ்சுல உக்காரச் சொல்லிருச்சு.”

அத்தாவிடம் நீ பேசவில்லையா என்று கேட்டேன். கடைசிப் பத்து நிமிஷம் தனக்கு என்றாள். மற்ற நேரம் கடைக்காரர் கொடுத்த பழைய பேப்பரில் படம் பார்த்தாளாம். அம்மா வெளியே வந்தபோது கண் சிவந்திருந்ததாம். ஆனாலும் வீடு வரை ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்ததாம். என்ன பேசினாக என்று எத்தனை தடவை கேட்டும் சொல்லவில்லை என்று புகார் சொன்னாள்.

சொல்லாதது சரிதான் என்று அவளிடம் சொல்லிவிட்டு, வருகைப் பதிவேட்டைத் திறந்தேன்.